யார் வீட்டு வினைச்சொல்?

மிட்டிகேட், அமீலியரேட், எக்ஸானரேட், ரெலின்குவிஷ், கரோபரேட். இங்கிலாந்துக்காரன் தன் வீட்டு அடுப்படியில் இந்த வார்த்தைகளைப் பேசுவதில்லை. பெண்டாட்டியோடு சண்டை வந்தால் 'வா, மிட்டிகேட் பண்ணிக்கொள்வோம்' என்று கூப்பிடுவதில்லை. ஆனால் காரைக்கால் கோவில்பத்தில் நடவுக்கும் கொத்து வேலைக்கும் போகிறவர்கள் பெற்ற பிள்ளை ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்க ஆசைப்பட்டால், இவற்றுக்கு இணைச்சொல் எது, எதிர்ச்சொல் எது என்று சொல்லியாக வேண்டும். அதுவும் ஒரு நிமிடத்துக்குள். 2022இல் தொடங்கிய 'க்யூட்' என்கிற பொது நுழைவுத் தேர்வில், 2025இல் வந்த மாற்றத்தின்படி, ஒரு தாளுக்கு 60 நிமிடம், 50 கேள்வி, எதையும் விடுவதற்கில்லை. சரியாகச் சொன்னால் 5 மதிப்பெண். தப்பாகச் சொன்னால் கையில் இருப்பதில் 1 போகும்.

தெரியாதவன் வாயைத் திறக்காதே என்பதற்கு இதைவிட நாகரிகமான ஏற்பாடு கிடையாது. வீட்டில் இங்கிலீஷ் பேப்பர் விழுகிற பிள்ளை குத்துமதிப்பாகத் தட்டினாலும் பாதி சரியாக வரும். அதற்குப் பெயர் மொழியறிவு. நம்ம பிள்ளை குத்துமதிப்பாகத் தட்டினால் அபராதம்.

கோவில்பத்தில் ஒரு திண்ணையில் சாயங்கால வகுப்பு நடத்துகிற நாலு பேரில் நானும் ஒருவன். உள்ளூர் அரசுக் கலைக் கல்லூரிகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துச் சென்டாக் வழியாகப் போய்விடலாம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டுமென்றால் க்யூட் எழுத வேண்டும். 'உள்ளூர்க் காலேஜ் போதாதா, இது எதுக்கு?' என்று கேட்கிறவர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள், மேலத்தெருவிலும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் கேட்கிற தொனி வேறு.

புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தன. 2023இல் ஒரே வீச்சில் சி.பி.எஸ்.இ. என்றார்கள். ஆறு முதல் ஒன்பது வரைக்கும், அப்புறம் பதினொன்றாம் வகுப்புக்கும் அந்த வருஷமே. அடுத்த வருஷம் பத்தும் பன்னிரண்டும். பத்து வரைக்கும் தமிழில் படித்த பிள்ளை பதினொன்றில் உட்கார்ந்தால் மேசைமேல் டெல்லியில் அச்சான இங்கிலீஷ் புத்தகம். நுழைவுத் தேர்வெல்லாம் சி.பி.எஸ்.இ. பாடத்தை ஒட்டித்தானே வருகிறது, அதனால் பிள்ளைகளுக்கு நல்லதுதான் என்று காரணம் சொன்னார்கள். நல்லதாகவே இருக்கட்டும். ஆற்றைத் தாண்டினால் நல்லது என்று எங்களுக்கும் தெரியும். ஓடம் எங்கே என்றுதான் கேட்கிறோம். புத்தகத்தை மாற்ற ஒரு உத்தரவு போதும். அந்தப் புத்தகத்தை நடத்துகிற வாத்தியாருக்குப் பயிற்சி கொடுக்கவும், தமிழ்வழிப் பிள்ளைக்கு இடையில் ஒரு வருஷம் பாலம் போடவும் உத்தரவு மட்டும் போதாது, காசும் மனசும் வேணும்.

அந்தப் பள்ளத்தில்தான் பயிற்சி நிலையங்கள் கடை போட்டிருக்கின்றன. எங்கள் வகுப்புக்கு வருகிற ஒரு பெண், அதற்கு முன்னால் அப்படி ஒரு தனியார் நிலையத்தில் இரண்டு மாதம் பணம் கட்டிப் படித்தவள். அவளுக்குக் கொடுத்தது 'அட்வான்ஸ்டு வெர்ப்ஸ்' என்று தலைப்புப் போட்ட ஜெராக்ஸ் கட்டு. அ முதல் ஃ வரை மாதிரி ஏ முதல் இசட் வரை வினைச்சொல், பக்கத்தில் ஒற்றை வார்த்தை அர்த்தம். தினமும் 25 மனப்பாடம். ஒருநாள் ஒப்பிக்கும்போது தட்டியதற்கு அங்கே பாடம் எடுத்தவர் சொன்னாராம்: "உங்களுக்குத்தான் கோட்டா இருக்கேம்மா, எதுக்கு இவ்வளவு சிரமப்படுறே?" சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரைக்கும் அவள் யாரென்று அந்த வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. மறுநாள் அவள் போகவில்லை. கட்டின பணமும் திரும்பவில்லை.

என்னிடம் அவள் கேட்டது இதுதான்: "அண்ணே, ஹ்யூமிலியேட்னா என்னா? லிஸ்ட்ல 'அவமதி'ன்னு போட்ருக்கு. இன்சல்ட்டுக்கும் 'அவமதி'தான் போட்ருக்கு. ரெண்டும் ஒண்ணா?"

இதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

நுழைவுத் தேர்வு என்றால் எல்லோருக்கும் பொதுவான தராசு என்று நம்பச் சொல்கிறார்கள். நம்ம முன்னோர்கள் அதை அன்றைக்கே நம்பவில்லை. 1893இல் ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் சேர்த்து நடத்த வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டார்கள். கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் இரட்டைமலை சீனிவாசனும் பறையர் மகாஜன சபையும் எதிர்த்து மனுப் போட்டார்கள். 3412 பேர் கையெழுத்து, 112 அடி நீளம். அது இங்கிலாந்துப் பார்லிமென்டுக்குப் போனது. வெள்ளைக்காரனுக்கு வால்பிடித்தார்கள் என்று இன்றைக்கும் சில தேசபக்தர்கள் அந்த மனுவைக் காட்டிப் பேசுகிறார்கள். அந்த 3412 பேர் கண்ட விஷயம் ரொம்ப எளிமையானது. தேர்வு இங்கே நடந்தால் பாஸ் பண்ணப் போவது யார்? தலைமுறை தலைமுறையாக ஏட்டைக் கையில் வைத்திருந்தவன். கலெக்டர் நாற்காலியில் அவன் உட்கார்ந்தால் சேரிக்காரன் எங்கே நிற்பான்? கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவாக இருந்த காலத்தில், ஒரு தேர்வுக்குள்ளே சாதி எப்படி உட்கார்ந்திருக்கும் என்று எழுதிக் காட்டியிருக்கிறார்கள். இன்றைய கல்வியாளர்கள் பலருக்கு இது புரியவில்லை என்றால் அதற்குக் காரணம் மூளைக் குறைவு இல்லை.

தமிழ்நாட்டில் 1984இல் கொண்டுவந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு 2007இல் ஒழிந்தது. பத்து வருஷம் மூச்சு விட்டார்கள். 2017இல் நீட். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 வாங்கிய அரியலூர் குழுமூர் அனிதாவை அந்த வருஷமே இழந்தோம். இந்தப் பக்கம் ஜிப்மர், 2019 வரைக்கும் தனியாகத் தேர்வு நடத்தியது. 200 கேள்வியில் 10 இங்கிலீஷுக்கு. மீதி 190ம் இங்கிலீஷில்தான். 2016இல் காரைக்காலுக்கே ஜிப்மர் கிளை வந்தது. கல்லூரி ஊருக்குள் வந்துவிட்டது. ஊர்ப் பிள்ளைக்கும் அதற்கும் நடுவில் கேள்வித்தாள் படுத்திருந்தது.

சரி, வினைச்சொல்லுக்கு வருவோம்.

அந்த ஜெராக்ஸ் கட்டை ஒருநாள் வகுப்பில் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். 'க்ளீன்' என்று ஒரு வார்த்தை. சுத்தம் பண்ணுகிற க்ளீன் இல்லை, எழுத்து வேறு. 'தகவல்களைச் சிறிது சிறிதாகத் திரட்டு' என்று அர்த்தம் போட்டிருந்தது. அகராதியைப் பிரித்தால் பழைய அர்த்தம் வேறு: அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிரைப் பொறுக்கு. படித்துச் சொன்னதும் ஒரு பையன் சிரித்துவிட்டான். "இதத்தாண்ணே எங்க ஆயா செஞ்சிச்சு!" அவன் ஆயா மட்டுமா? என் அம்மா செய்தது. டெல்டாவில் எந்தச் சேரிக் கிழவியைக் கேட்டாலும் சொல்வாள்: கட்டு ஏறின பிற்பாடு, காரியக்காரன் கண் அசந்த நேரத்தில், தாளுக்கு இடையில் குனிந்து பொறுக்கியது. அதற்கும் வசவு வாங்கியது. வேதக்காரப் பிள்ளைகள் ரூத்தின் கதையைச் சொன்னார்கள். அவளும் கதிர் பொறுக்கத்தானே போனாள்.

அப்புறம் கட்டு முழுக்கத் தேடினோம். 'வின்னோ' என்றால் தூற்று. பரீட்சையில் கேட்பது 'வேண்டாததை நீக்கிப் பிரி' என்கிற அர்த்தத்தை. களத்து மேட்டில் காற்று வரும் வரைக்கும் முறத்தோடு நிற்கிறவளுக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்? தமிழில் தூற்றுக்கு இன்னொரு அர்த்தம் போய் ஒட்டிக்கொண்டது, பழி தூற்றுவது. பதர் இங்கே ஆளாகிவிட்டது. 'த்ரெஷ்' என்றால் போரடி. 'ஹாரோ' என்றால் பலுகு ஓட்டு. அதிலிருந்து வந்ததுதான் மனசைக் கீறுகிற அனுபவத்துக்குச் சொல்லும் ஹாரோயிங். 'பிராட்காஸ்ட்' என்றதும் எல்லாரும் ரேடியோ என்றார்கள். ரேடியோ வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே அந்த வார்த்தை இருந்தது: விதையைக் கைவீசித் தெளி.

இது எங்கள் ஊருக்குப் பொருத்தமான வார்த்தை. கோவில்பத்துப் பார்வதீசுவரர் கோயில் இருக்கும் இடத்துக்குத் தேவாரத்தில் திருத்தெளிச்சேரி என்று பேர். சிவனே வந்து விதை தெளித்தான், அதனால் தெளிச்சேரி என்று தலபுராணம் சொல்கிறது. சிவன் தெளித்தானோ என்னவோ, தெளித்தவன் யாரென்று சேரி என்கிற வார்த்தை மட்டும் மறக்காமல் கூடவே வருகிறது. (சம்பந்தர் இந்தத் தெளிச்சேரியைப் பாடிவிட்டுப் போகிற வழியில்தான் போதிமங்கையில் பௌத்தர்களோடு மோதல். புத்தநந்தியின் தலை இடி விழுந்து உருண்டது, பிறகு சாரிபுத்தன் வாதில் தோற்றான் என்கிறது பெரியபுராணம். நாம் பூர்வ பௌத்தர்கள் என்று அயோத்திதாசர் எழுதியதைப் படித்தவர்கள் இந்த வாதப் போட்டியையும் ஒரு தரம் யோசித்துப் பார்க்கலாம். கேள்வி கேட்டவன், மதிப்பெண் போட்டவன், கதை எழுதியவன் எல்லாம் ஒரே கட்சி.) பத்து என்பதும் பற்று. கோவில் பற்று, கோவிலுக்குச் சேர்ந்த நிலம். பற்று என்பதே ஒரு வினை. பிடி, கைப்பற்று.

ஆக, 'அட்வான்ஸ்டு' என்று மிரட்டுகிற வார்த்தைகளில் எத்தனையோ இங்கிலாந்துக் கூலிக்காரன் வயலில் பேசிய வார்த்தை. மீதி பெரும்பாலும் பிரெஞ்சும் லத்தீனும். 1066இல் நார்மண்டிக்காரன் இங்கிலாந்தைப் பிடித்த பிற்பாடு அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சு ஏறியது. மாட்டுக்கொட்டகையில் பழைய இங்கிலீஷ் தங்கியது. மேலத்தெரு வார்த்தை, கீழத்தெரு வார்த்தை என்று அங்கேயும் பிரிந்தது. இன்றைக்கும் பரீட்சைக்காரன் 'கிவ் அப்'பைக் கீழே வைத்து 'ரெலின்குவிஷ்'ஷை மேலே வைக்கிறான் என்றால் அந்தப் பழைய பிரிவுதான் காரணம்.

பிரெஞ்சு என்றால் காரைக்காலுக்குப் புதுசா? 1954 வரைக்கும் இங்கே கொடி பறந்தது. ஜெராக்ஸ் கட்டில் 'ரெனௌன்ஸ்' என்று ஒரு வினை. துற, கைவிடு என்று அர்த்தம். இதே வினையை எங்கள் பக்கத்து ஜனங்கள் பேராகவே சுமந்தார்கள்: ரெனோன்சான். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி வழக்கத்தை ஒட்டிய தனிச் சட்டத்தைத் துறக்கிறேன், பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறேன் என்று பதிவேட்டில் எழுதிக் கொடுத்து, பிரெஞ்சுக் குடும்பப் பேர் வாங்கிக்கொண்டவர்கள். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களும் கிறிஸ்தவர்களும் நிறையப் பேர் அதில் இருந்தார்கள். பின்னாட்களில் பட்டாளத்துக்குப் போய் சொல்தா ஆகி சைகோன் வரைக்கும் போனார்கள். பிரெஞ்சுக்காரன் தர்மவான் என்று இதற்கு அர்த்தமில்லை. இதே காரைக்கால் துறைமுகத்திலிருந்துதான் ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினான். ஆனால் ஒரு வினைச்சொல்லுக்குக் கீழே தன் பேரைத் தானே எழுதினால் என்ன ஆகும் என்று அந்த ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் பேரன் பேத்திக்கு அதையே நாலு விடையில் ஒன்றைத் தட்டு என்று கொடுக்கிறோம்.

என் சண்டை இங்கேதான். இந்த வினைகள் நமக்குத் தெரியாதவை அல்ல, நம்மேல் செய்யப்பட்டவை. நாம் செயப்படுபொருளாக நின்ற வாக்கியங்கள் எல்லாம் இங்கிலீஷில்தான் எழுதப்பட்டன. கீழ்வெண்மணி எங்களுக்குத் தூரமில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் விடுதலை செய்தது. விடுதலை என்று தமிழில் எழுதும்போது ஏதோ நல்ல காரியம் மாதிரி இருக்கிறது. இங்கிலீஷில் 'அக்விட்'. அதற்குப் பக்கத்திலேயே ஜெராக்ஸ் கட்டில் 'எக்ஸானரேட்', இணைச்சொல் என்று போட்டிருக்கிறது. இணைச்சொல்லே இல்லை. குற்றம் நிரூபணமாகவில்லை என்று விடுவது ஒன்று. இவன்மேல் பழியே கிடையாது என்று துடைத்துவிடுவது இன்னொன்று. 'கரோபரேட்' என்றால் ஒரு சாட்சியை இன்னொரு சாட்சியால் உறுதிப்படுத்து. நம்ம ஜனங்கள் கண்ணால் கண்டதை யார் உறுதிப்படுத்த வேண்டும் என்று கோர்ட் எதிர்பார்க்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு வினைக்குள் இருக்கிறது.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்வி. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவை எடுத்து வகுப்பில் வைத்தோம். அதில் இருக்கிற வினைகளைப் பாருங்கள்: இன்சல்ட், இன்டிமிடேட், ஹ்யூமிலியேட், டிஸ்பொசெஸ். பரீட்சைப் பட்டியலை அப்படியே பெயர்த்து வைத்தது மாதிரி இருக்கிறது. திட்டுவது, மிரட்டுவது எல்லாம் செய்கை. ஹ்யூமிலியேட் என்பது அந்தச் செய்கையின் நோக்கம்: நாலு பேர் பார்க்க ஒருத்தரைக் கீழே இறக்குவது. நோக்கம் இருந்ததா இல்லையா என்றுதான் கோர்ட்டில் வக்கீல்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். இரண்டுக்கும் 'அவமதி' என்று போட்டவன் நம்ம வழக்கைப் பாதியிலேயே தோற்கடித்துவிட்டான். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப அன்னைக்கு அந்த சார் செஞ்சது இன்சல்ட் இல்லண்ணே. மத்தவங்க திரும்பிப் பாத்தாங்கல்ல, அது." இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?

தமிழ்ப் பற்றாளர்கள் இந்த இடத்தில் கனைப்பது கேட்கிறது. எதற்குத் தாய்மொழியை விட்டு இங்கிலீஷ் வினைச்சொல்லுக்குப் பின்னால் ஓட வேண்டும் என்கிறார்கள். ஐயா, 1938 இந்தி எதிர்ப்பில் சிறைக்குப் போய் 1939 சனவரியில் முதலில் உயிரை விட்ட நடராசன் தலித். தமிழ்ப்பற்றை எங்களுக்கு வகுப்பெடுக்க வேண்டாம். மேடையில் தமிழ், மகனுக்குக் கான்வென்ட் என்று நடத்துகிறவர்கள் நம்ம பிள்ளையிடம் மட்டும் தமிழைக் காப்பாற்றச் சொல்வது, ஊர்த் தேரை நம்மை வைத்து இழுக்கவிட்டு வடத்தை மட்டும் தொடாதே என்று சொல்கிற கதை.

எதிர்ப்பக்கத்திலும் எனக்கு ஒப்புதல் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் பாங்கா என்கிற ஊரில் 2010இல் சந்திரபான் பிரசாத் ஆங்கிலத் தேவிக்குக் கோயில் கட்ட ஏற்பாடு செய்தார். வேதத்தைக் கேட்டால் காதில் ஈயம் ஊற்றச் சொன்ன தேசத்தில் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இன்னொரு சாமி எதற்கு? சாமி என்றால் பூசாரி வருவான். பயிற்சி நிலையத்துக்காரன் ஏற்கெனவே தட்டை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறான்.

அம்பேத்கர் இங்கிலீஷைக் கும்பிடவில்லை, வேலை வாங்கினார். 1936இல் லாகூரில் சாதியைத் தகர்ப்பதாகப் பேர் வைத்துக்கொண்ட சபை, அவர் உரையைத் திருத்தச் சொன்னது. ஒரு எழுத்தை மாற்றமாட்டேன் என்று தன் செலவில் அச்சடித்தார். அதன் தலைப்பில் இருக்கிற வினையைக் கவனியுங்கள், 'அனைஹிலேட்'. குறைப்பது, சீர்திருத்துவது, மிட்டிகேட் பண்ணுவது, அமீலியரேட் பண்ணுவது எதுவும் இல்லை. நிர்மூலமாக்குவது. இங்கிலீஷ் வினைகளுக்கு இடையில் உள்ள தூரம் தெரிந்த ஆள்தான் அந்த வார்த்தையைப் பொறுக்கி எடுக்க முடியும். 'அஜிடேட்' என்று அவர் சொன்னதை நாம் சுவரில் 'புரட்சி செய்' என்று எழுதிவிட்டோம். அதன் அடி அர்த்தம் கலக்கு, குலுக்கு. கலக்கு, கலகம் என்று தமிழிலேயே பக்கத்தில் கிடக்கிறது. வகுப்பில் இதைக் கண்டுபிடித்தது ஒன்பதாவது படிக்கிற ஒரு பொடியன்.

கல்வித் துறையிடம் கேட்பது அதிகமில்லை. தமிழ்வழியிலிருந்து வருகிற பிள்ளைக்குப் பதினொன்றில் சேருவதற்கு முன் அரசுச் செலவில் பால வகுப்பு. ஒவ்வொரு கொம்யூனிலும் ஒரு அரசு நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையம், சாயங்காலம், இலவசம், பெண் பிள்ளை இருட்டுவதற்குள் வீடு திரும்ப வண்டியோடு. மொழித் தாளில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதை நிறுத்தச் சொல்லி டெல்லிக்குப் புதுச்சேரி அரசு எழுத வேண்டும். இதை மனுவாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். 112 அடி வருமோ என்னவோ.

மனுவுக்குப் பதில் வரும் வரை வகுப்பு நிற்காது. இங்கிலீஷ் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற தோழர்கள், காரைக்கால், நெடுங்காடு, திருநள்ளாறு பக்கத்தில் இருப்பவர்கள், வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் வந்து பாடம் எடுக்கலாம். பஸ் காசு தருகிறோம். டீ உண்டு. அகராதி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அட்டை கிழிந்தது. இருந்தால் ஒன்று கொண்டு வாருங்கள்.